நீலத்திரை வரவில்லை

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. ரிசப்ஷன் அக்கா பூட்டைத் திறந்ததும் பெங்குவின் தன் செல்போன் வெளிச்சத்தில் ஹாலுக்குள் போனாள். எட்டு மேசை, எட்டு கம்ப்யூட்டர். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் கையை விட்டு ஸ்விட்சை அணைத்துக்கொண்டே வந்தவள், சன்னலோரத்துப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தாள்.

“இப்பப் போடுங்கக்கா.”

அக்கா மெயினைத் தட்டினாள். விளக்குகள் எரிந்தன. சன்னலோரத்துப் பெட்டி தானாக உறுமிக்கொண்டு எழுந்தது. மெயின் வந்தால் பெட்டிகள் தாமே விழித்துக்கொள்ளும்படி அங்கே வெகுநாளாக வைத்திருந்தார்கள். பெங்குவின் கீபோர்டில் விரல் வைத்து, விசில் சத்தத்துக்குக் காத்திருக்கும் ஓட்டக்காரியைப் போல நின்றாள்.

நீலத்திரை வரவில்லை.

கம்பெனி முத்திரை வந்தது, போனது. பிறகு கறுப்பு. மூலையில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாத சுத்தமான கறுப்பு. மின்விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் செத்துக் கிடந்தது.

அடுத்த பெட்டி. கறுப்பு. அதற்கடுத்தது. கறுப்பு. கணக்கரின் பெட்டியைத் தவிர்த்து ஏழையும் போட்டுப் பார்த்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் அக்கா.

“தெரியலக்கா.”

“நீயே தெரியலன்னா நாங்க எங்க போறது?”

அது நில அளவைக் கம்பெனி. அளந்து வருவதைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவது ஹாலின் வேலை. பெங்குவின் இங்கே சேர்ந்து ஐந்து மாதம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த வாரம் ஆகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முன்பு இந்தப் பெட்டிகளை இயக்கிய மென்பொருள் திருட்டுப் பதிப்பு. வேலை கொடுப்பவர்கள் அதைக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் முதலாளி விழித்தார். இவள்தான் லினக்ஸ் போடலாம் என்றாள். இலவசம், திருட்டுமில்லை. அதன் சின்னம் பெங்குவின் பறவை என்பதால் அன்றைக்கே இவளுக்குப் பெங்குவின் என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் சீனியர்.

வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, இவளுடைய முதல் சம்பளத்தன்று தலைத்துண்டை ஆணியில் மாட்டியவர்தான், இன்னும் எடுக்கவில்லை. அவருடைய முதுகு அதற்குள் ஒரு கேள்விக்குறியாகியிருந்தது. இந்த வேலை போனால் அந்தத் துண்டு ஆணியிலிருந்து இறங்கும். அவளுக்கு வேறு பயமே கிடையாது.

ஒன்பதரைக்கு சீனியர் வந்தார். இருபது வருஷமாக வரைகிறவர். திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார்.

“பொணத்த எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?”

“கிண்டல் பண்ணாதீங்க சார்.”

“நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா? லினக்ஸ்ல நூறு வகை இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு அசையாம கிடக்கிற கிழட்டு வகையாப் பாத்துப் போடுன்னு. நீ எது? ஆறு மாசத்துக்கு ஒருதடவை புதுச்சட்ட போட்டுக்கிற வகை.”

“கிழடு இந்த மானிட்டர்ல ஓடல சார். அகல மானிட்டர் வாங்கினப்புறம் எல்லாம் நடுங்குச்சே, மறந்துட்டீங்களா? தலைவலின்னு முதல்ல லீவு போட்டது நீங்கதான்.”

சீனியர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி பெங்குவினை விடவில்லை. புதுசாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். எந்த வகை? அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தப்பாகிவிட்டால் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கணக்கர் வந்தார். தன் பெட்டியின் பின்பக்க ஸ்விட்சைத் தானே போட்டு, மானிட்டர் பட்டனைத் தானே அமுக்கினார். சாயங்காலம் அணைப்பதும் அவரேதான். வேறு யாராவது அதன்மேல் பேனா வைத்தாலே முறைப்பார். திரை பளிச்சென்று வந்தது.

பெங்குவின் எழுந்து நின்றாள். அதே லினக்ஸ், அதே வகை, சனிக்கிழமை போட்ட அதே அப்டேட். அப்படியானால் செத்தது லினக்ஸ் இல்லை. ஏழில் இருந்து இதில் இல்லாதது ஒன்றே ஒன்று: பெரிய படங்களை வேகமாக வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு. இந்தப் பெட்டியின் கார்டு சூடேறிக் கெட்டுப்போனதால் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளே கழற்றிவிட்டாள். கூட்டல் கழித்தலுக்குக் கார்டு எதற்கு என்று கணக்கரும் விட்டுவிட்டார்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நாலு மணிக்கு வடிகால் வரைபடத்தக் கொடுக்கணும். தெரியுமில்ல?”

“தெரியும் சார். வரைஞ்சது எல்லாம் உள்ளதான் இருக்கு. திரைதான்...”

“திரை இல்லாத கம்ப்யூட்டர வச்சு நான் என்ன தலைக்கு வச்சுப் படுக்கவா?”

அவர் எல்லாருக்கும் எதிரிலேயே போனை எடுத்தார். “மாப்ள, எல்லாம் போச்சு. உடனே கிளம்பி வா.” அவ்வளவுதான் பேசினார்.

முதலாளி மனைவியின் தம்பியை ஆபீஸே மச்சான் சார் என்றுதான் சொல்லும். கம்ப்யூட்டர் கடைக்காரர். பழைய திருட்டுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். லினக்ஸ் வந்த அன்று கோபித்துக்கொண்டு போனவர், நாலு மாதமாக இந்தப் படி ஏறவில்லை.

“மச்சான் சார் வந்து என்ன சார் பண்ணப் போறாரு?”

“எல்லாத்தையும் துடைச்சிட்டு பழசப் போடுவான்.”

“துடைச்சா வரைபடமும் போயிரும் சார். எனக்கு ஒரு மணிநேரம் கொடுங்க.”

“அவன் வர்ற வரைக்கும்தான் உனக்கு நேரம்.”

பெங்குவின் கணக்கரிடம் போனாள். “சார், உங்க பெட்டியக் கொஞ்சம் கொடுங்க. நெட்வொர்க் வழியா மத்ததுக்குள்ள போய்ப் பாக்கணும்.”

“பின்னாடி நான் நின்னு பாப்பேன்.”

“நில்லுங்க.”

“எதையும் நகர்த்தக்கூடாது.”

“கையக்கூட நகர்த்தாம அடிக்கிறேன் சார்.”

அவள் தட்டினாள். சன்னலோரத்துப் பெட்டி பதில் சொன்னது. உயிர் இருக்கிறது. இதயம் துடிக்கிறது, காது கேட்கிறது, முகம் மட்டும் இல்லை. முதல் வேலையாக எல்லா வரைபடத்தையும் கணக்கரின் பெட்டிக்கு இழுத்துப் போட்டாள். அது ஓடிக்கொண்டிருந்தபோதே கேள்விகளை ஆரம்பித்தாள்.

“அக்கா, சனிக்கிழமை டீ குடிக்கறப்ப நான் என்ன சொன்னேன்?”

“ஏழு பெட்டியிலயும் கார்டுக்குப் புது டிரைவர் போடறேன், திங்கக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் மெயினப் போடாதீங்கன்னு சொன்ன.”

“ஏன்னு சொன்னேன்?”

அக்கா யோசித்தாள். “முதல் தடவை எழுந்திரிக்கறப்ப நீலமா ஒரு திரை வரும். பாஸ்வேர்டு கேக்கும். பத்து செகண்டுல அடிக்கலைன்னா போயிடும்.”

“போனா?”

“தானாத் திரும்ப வராதுன்ன.”

சொல்லிவிட்டு அக்கா வாயில் கைவைத்தாள். பெங்குவினும் அந்த நொடியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியது கறுப்பை இல்லை, வராத நீலத்தை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸுக்கு வெளியாள். உள்ளே விடலாம் என்று அந்த நீலத்திரையில் ஒருவர் கையால் ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும், கார்டுக்கு வேலை தெரியாது, திரை கறுப்பு. நீலம் தானாக ஒரே ஒரு தடவைதான் வரும். இன்று வரவில்லை என்றால், அது ஏற்கெனவே வந்து போய்விட்டது.

“சனிக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல யாரோ மெயினப் போட்டிருக்காங்க.”

“நான் இல்லடி,” என்றாள் அக்கா. சாவி அவளிடம் ஒன்று இருந்தது. “நீ வர்ற வரைக்கும் வாசப்படியிலதான உக்காந்திருந்தேன்.”

“இன்னொரு சாவி யார்ட்ட?”

அக்காவின் கண் முதலாளியின் அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

சீனியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். “எப்பப் போட்டாங்கன்னு அதுக்குள்ள இருக்குமே.”

இருந்தது. ஞாயிறு முற்பகல், ஏழு பெட்டியும் ஒரே நிமிடத்தில் எழுந்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் ஏழும் ஒரே நொடியில் நின்றிருக்கின்றன. முறையாக மூடவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிருக்கிறது.

“கரண்டு கட்டா இருக்கும்,” என்றார் கணக்கர் தோளுக்குப் பின்னாலிருந்து.

“சாயங்காலம் அக்கா மெயின அணைச்சுட்டுத்தான சார் போறாங்க? அணைஞ்ச மெயினுக்குக் கரண்டு வந்தா என்ன, போனா என்ன? யாரோ வந்து மெயினப் போட்டிருக்காங்க. லைட்டுக்காகப் போட்டிருப்பாங்க, ஹாலுக்கு அது ஒண்ணுதான். ஏழும் தானா எழுந்திருச்சிருக்கு. அப்புறம் எதையும் மூடாம மெயினத் தட்டிட்டுப் போயிருக்காங்க.”

“நம்ம ஆளுங்க அப்படிப் பண்ண மாட்டோமே,” என்றாள் அக்கா. “மூடாம மெயினத் தொட்டா நீ கடிச்சுக் குதறிடுவியே.”

“அதத்தான்க்கா நானும் யோசிக்கிறேன்.”

பதினொன்றேகாலுக்கு மச்சான் சார் வந்தார். தோளில் பை, கையில் சாவிக்கொத்து, வாயில் பபுள்கம். பெங்குவினைப் பார்த்து ஒரு புன்னகை.

“என்னம்மா லினக்ஸ், கவுத்துட்டியா? விடு, எல்லாருக்கும் வர்றதுதான். ஏழு பெட்டிதான மாமா, ரெண்டு மணிக்குள்ள முடிச்சிரலாம்.”

பெங்குவினின் விரல் கீபோர்டில் நின்றது.

“எட்டு சார்.”

“ஆங்?”

“ஹால்ல எட்டுப் பெட்டி. சார் போன்ல எல்லாம் போச்சுன்னாரு. நீங்க ஏழுங்கறீங்க.”

“அட, கணக்கர் பெட்டியிலதான் கார்டே இல்லையே. அது எப்படிப் போகும்?”

கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அந்தக் கார்ட நான் கழட்டி ரெண்டு மாசம் ஆச்சு சார்,” என்றாள் பெங்குவின். “நீங்க இங்க வந்து நாலு மாசம் ஆச்சு. யார் சொன்னா?”

“மாமா சொன்னாரு.”

“முதலாளி சாருக்குக் கார்டுன்னா சீட்டுக்கட்டு மட்டும்தான் தெரியும்.” சொல்லிவிட்ட பிறகுதான் அவர் பின்னால் நிற்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. இனி நிறுத்தி என்ன ஆகப் போகிறது? நிறுத்திப் பழக்கமும் அவளுக்கு இல்லை. முதலாளி பக்கம் திரும்பினாள். “சார், ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தீங்க. உங்க சாவி. லைட்டுக்கு மெயினப் போட்டீங்க, ஏழு பெட்டியும் எழுந்திருச்சுது. கணக்கர் சார் பின்னாடி ஸ்விட்ச அணைச்சிருந்ததால அது மட்டும் எழுந்திரிக்கல. ஏன்னு மச்சான் சார் குனிஞ்சு பாத்திருப்பாரு, பின்பக்கம் கார்டு இருந்த இடம் ஓட்டையா இருக்கும். ஏழுலயும் நீலமா வந்துச்சு, பத்து செகண்டுல போச்சு, கறுப்பாயிருச்சு. சரிதானே? காலையில வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்க.”

முதலாளியின் முகம் சிவக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர் களைத்துப்போனவரைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பெட்டிங்க என்ன நிலைமையில இருக்குன்னு காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன். வேணும்னு யாரும் பண்ணல.”

“நான் உங்ககிட்டயும் சொன்னேனே சார், மெயினப் போடாதீங்கன்னு. போன்ல பேசிட்டே கையக் காமிச்சீங்க.”

“நீ ஆயிரம் சொல்லுவ.”

“நீலமா வந்துச்சேம்மா,” என்றார் மச்சான் சார், உண்மையாகவே வியந்து. “நீலம்னா நம்ம ஊரு பாஷையில செத்துப்போச்சுன்னுதான அர்த்தம்? பழசுல நீலத்திரை வந்தா அவ்வளவுதான், கைய எடுத்துருவோம். நான்தான் ‘மாமா, தொடாதீங்க’ன்னேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. பெங்குவினுக்கு அது புரிந்தது. புரிந்தபோது, அதுவரை பிடித்துக்கொண்டிருந்த கோபத்துக்கு இடமில்லாமல் போனது. இவர் பார்த்த நீலமெல்லாம் சாவுச் செய்தி. இது கதவைத் தட்டிய நீலம். ஒரே நிறம். பத்து செகண்டு அது பணிவாக நின்று கேட்டிருக்கிறது, உள்ளே வரலாமா என்று. கையெடுத்துக் கும்பிட்டு விலகி நின்றிருக்கிறார்கள்.

“ஒரு பெட்டியச் சரிபண்ணிக் காட்டறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்.”

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் கணக்கரின் பெட்டியிலிருந்து சன்னலோரத்துப் பெட்டிக்கு உத்தரவு அனுப்பினாள். ஒப்புதலை மறுபடி கேள். பெட்டி அணைந்து எழுந்தது. முத்திரை. பிறகு நீலம், ஹாலின் அந்த மூலையையே நனைத்துக்கொண்டு. அவள் ஓடிப்போய் ஒரு கீயை அமுக்கினாள். நின்றது. பாஸ்வேர்டு அடித்தாள். ஒப்புதல் கொடுத்தாள். பெட்டி இன்னொரு முறை எழுந்தது.

வடிகால் வரைபடம் அகல மானிட்டரில் கோடு கோடாக, நூல் பிடித்தாற்போல விரிந்தது. சீனியர் குனிந்து ஒரு கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். நடுக்கமில்லை.

“இதுக்குத்தானா இவ்வளவு கூத்து?” என்றாள் அக்கா.

“ஏழுக்கும் ஒரு மணிநேரம் ஆகாது சார்,” என்றாள் பெங்குவின்.

முதலாளி மானிட்டரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் சார் பபுள்கத்தை மெல்வதை நிறுத்தியிருந்தார். தங்கச்சங்கிலி போட்ட ஒரு மனிதரின் கழுத்து அவ்வளவு வாடி அவள் பார்த்ததில்லை.

“நீ சொன்னதெல்லாம் சரிம்மா,” என்றார் முதலாளி. “ஆனா ஒரு மெயின் ஸ்விட்சப் போட்டா படுத்துக்குற சாமான வச்சு நான் தொழில் பண்ண முடியாது. நாளைக்கு நீ லீவு போட்டா?”

“நான் சொல்லித் தர்றேன் சார். அக்காவே பண்ணிருவாங்க.”

“சனிக்கிழமை நீயே பின்பக்க ஸ்விட்செல்லாம் அணைச்சிட்டுப் போயிருக்கலாமே?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அப்டேட் முடியவே நேரமாகிவிட்டது, கடைசி பஸ், அக்கா பூட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யார் வரப்போகிறார்கள். சொல்லவில்லை. எல்லாம் உண்மை, ஒன்றும் உதவாது.

“மாப்ள, நீ ஆரம்பி.”

“சார், அது திருட்டுப் பதிப்பு. வேலை கொடுக்கிறவங்க கேட்டா?”

“கேக்கறப்பப் பாத்துக்கலாம்.” அவர் எழுந்தார். அறை வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார். “மாசக் கடைசி வரைக்கும் வாம்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

மச்சான் சார் சன்னலோரத்துப் பெட்டியிலிருந்துதான் தொடங்கினார். அதுதான் வாசலுக்குப் பக்கம். பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டதற்குப் படிக்காமலே ஆம் என்றார். நூல் பிடித்த கோடுகள் போயின.

கணக்கர் தன் பெட்டிமுன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்னுதுல யாரும் கை வைக்க வேண்டாம்.” யாரும் வைக்கவில்லை. வரைபடம் எல்லாம் அதில்தான் இருந்தது. கார்டு இல்லாத பெட்டி கட்டைவண்டி மாதிரி நகர, சீனியர் அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் காத்திருந்து, நாலு மணிக்குக் கொடுத்து முடித்தார்.

போகும்போது பெங்குவின் பக்கத்தில் நின்றார். எப்போதும்போலக் கிண்டல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“கண்டுபிடிச்சது சரி. சபையில சொன்னதுதான் தப்பு. தனியா அவர் ரூம்ல போய்ச் சொல்லியிருந்தா வேலை மிஞ்சியிருக்கும்.”

“தனியாச் சொல்லியிருந்தா எல்லாரும் என்னையோ அக்காவையோதான சார் நினைச்சிருப்பீங்க?”

சீனியர் டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “ஆமா,” என்றார்.

“கிழட்டு வகையப் போட்டிருந்தா இது நடந்திருக்காது, இல்ல சார்?”

“நடுங்கியிருக்கும். அதுக்கும் உன்னத்தான் சொல்லியிருப்பாங்க.”

சாயங்காலம் அப்பா போன் செய்தார். வழக்கம்போல ஒரே கேள்வி. வேலையெல்லாம் நல்லாப் போகுதாம்மா? போகுதுப்பா என்றாள். அவர் பின்னால் அம்மா ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். அவள் போனை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தாள். ஏழு அகல மானிட்டரிலும் பழையது ஓடிக்கொண்டிருந்தது. கார்டுக்கு அதில் டிரைவர் இல்லை. எழுத்துகள் உப்பி, பக்கவாட்டில் இழுபட்டு, கண்ணாடியில்லாதவன் பார்த்த உலகம் போலக் கிடந்தன. மச்சான் சார் நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று போயிருந்தார். அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஆறு மணி. கணக்கர் தன் பெட்டியை மூடி, பின்பக்க ஸ்விட்சை அணைத்து, துணியால் போர்த்திவிட்டுக் கிளம்பினார். மற்றவர்களும் பெட்டிகளை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ரிசப்ஷன் அக்கா மெயினில் கைவைத்தவள், தட்டாமல் நின்றாள். அந்த ஆபீஸில் யாரும் அதுவரை கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

“அணைக்கட்டுமா?”

பெங்குவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அணைங்கக்கா. இனிமே யார் எப்பப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது.”